எரிமலை மேல் குடியிருக்கும் மாமா

ஏழாம் வகுப்பில் எரிமலைப் பாடம். வழக்கம்போல் களிமண்ணில் ஒரு மலை செய்து, உச்சியில் குழி விட்டு, சமையல் சோடாவும் சிவப்புச் சாயமும் போட்டு வினிகரை ஊற்றினேன். நுரை பொங்கி வழிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். இந்த ஒரு செயல்பாட்டை வைத்தே பல ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். பிறகு, இந்தியாவில் இன்றும் உயிரோடிருக்கும் எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவில்தான் இருக்கிறது, அங்கே மனிதர் யாரும் வசிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, "எரிமலை மேல யாராவது வீடு கட்டுவாங்களா?" என்று கேட்டேன். "இல்லை டீச்சர்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்ல வேண்டும். அதற்காகவே கேட்ட கேள்வி அது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "எங்க மாமா எரிமலை மேலதான் இருக்கார் டீச்சர்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். "அப்படியெல்லாம் இருக்க முடியாதும்மா, உக்காரு" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்த வாரம் முழுவதும் அவள் கை தூக்கவில்லை.

அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய பாட்டி வந்தார். முதலியார்பேட்டையில் பல தெருக்களில் இருப்பதுபோல அவர்களுடையதும் ஒரு 'சொல்தா' வீடு. தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. பாட்டி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமல் கைப்பேசியை எடுத்தார். "எங்க புள்ள பொய் சொல்ற புள்ள இல்ல டீச்சர். இத பாருங்க."

காணொளியில் இரவு நேரம். தொலைவில் மலைச்சரிவில் செக்கச் சிவந்த ஓடை ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் சாலையோரம் வரிசையாகக் கார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துச் சாப்பிட்டபடி வேடிக்கை பார்க்கிறார்கள். "தேர் பாக்கப் போற மாதிரி போறாங்களாம்" என்றார் பாட்டி. அது ரெயூனியன் தீவு. மறுநாள் வகுப்பில் அந்தச் சிறுமியிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன். அப்படி இரண்டாம் முறை நடத்தியதைத்தான் சக ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

ரெயூனியன் இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீசியசுக்குத் தென்மேற்கே இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து சுமார் 4,500 கி.மீ. பரப்பு 2,512 சதுர கி.மீ. நம் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கையும் சேர்த்தால் வருவதைப்போல் ஐந்து மடங்கு. மக்கள்தொகை 9 லட்சத்தை நெருங்குகிறது. 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். யூரோதான் நாணயம். நாம் பிரான்சிடமிருந்து பிரிந்தோம், அவர்கள் பிரான்சோடு தங்கிவிட்டார்கள்.

தீவு முழுவதுமே எரிமலைதான். சுமார் 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலடியிலிருந்து குழம்பு குழம்பாகப் பொங்கி, ஆறி, அடுக்கடுக்காக உயர்ந்து கடலுக்கு மேல் தலைகாட்டிய மலை அது. ஆகவே அங்கே யார் வீடு கட்டினாலும் எரிமலை மேல்தான் கட்டியாக வேண்டும். சிறுமி சொன்னது சொல்லுக்குச் சொல் சரி. மலைகள் இரண்டு. 3,071 மீட்டர் உயரமுள்ள 'பித்தோன் தெ நேழ்' அணைந்துபோனது. தென்கிழக்கில் உள்ள 'பித்தோன் த லா ஃபூர்னேஸ்' 2,632 மீட்டர். ஃபூர்னேஸ் என்றால் உலை. இது உலகில் மிக அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. சராசரியாக ஆண்டுக்கு ஒரு முறை என்று சொல்லலாம்.

அப்படியானால் எப்படிப் பாய் விரித்துச் சாப்பிடுகிறார்கள்? பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி இதுதான். பதில் சமையலறையில் இருக்கிறது. ரசம் கொதித்தால் குமிழி வந்து உடைந்து போகும்; அருகில் நிற்கலாம். கேழ்வரகுக் கூழ் கொதித்தால் 'டப் டப்' என்று கை மேல் தெறிக்கும். கூழ் கெட்டியாக இருப்பதால் அடியில் சேரும் ஆவி எளிதில் வெளியேற முடியாமல் அடைபட்டு, பிறகு வெடித்துக்கொண்டு வருகிறது. ஃபூர்னேசின் குழம்பு ரசம் வகை. சிலிக்கா குறைந்த பசால்ட் குழம்பு, 1,100 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு, நீர்த்து ஓடும், வாயு சுலபமாகப் பிரிந்துவிடும். அதனால் மலையும் கூம்பாக உயராமல், கவிழ்த்து வைத்த கேடயம்போல் பரந்து படிகிறது. பாடநூலில் உள்ள 'கேடய எரிமலை' இதுதான்.

இன்னொரு காரணம், மலையைச் சுற்றியுள்ள இயற்கைச் சுவர். பழைய காலத்தில் மலையின் ஒரு பகுதி உள்வாங்கியதில் குதிரை லாடம் வடிவில் பெரும் பள்ளம் உண்டாகியிருக்கிறது. லாடத்தின் திறந்த பக்கம் கிழக்கே கடலை நோக்கி இருக்கிறது. பெரும்பாலான வெடிப்புகள் இந்த லாடத்துக்குள்ளேயே நிகழ, குழம்பு ஆளில்லாத சரிவில் இறங்கிக் கடலில் விழுகிறது. வழியில் தேசிய நெடுஞ்சாலை ஒன்று உண்டு. குழம்பு அதை மூடிவிடும். ஆறியதும் மேலேயே புதுச் சாலை போடுவார்கள். அடுத்த முறை அதுவும் போகும். 2007 ஏப்ரலில் வந்த பெரிய வெடிப்பில் சாலை போனதோடு, உள்ளே இருந்த குழம்பு வடிந்ததால் உச்சியில் உள்ள கிண்ணத்தின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கிவிட்டது. அந்தக் குழம்பு ஆறவே மாதக்கணக்காயிற்று. மழை பெய்தால் பாறையிலிருந்து ஆவி எழும்.

எப்போதும் லாடத்துக்குள்ளேயே அடங்கும் என்றும் இல்லை. 1977 ஏப்ரலில் குழம்பு வெளிப்பக்கம் பிளந்து வந்து பித்தோன் சாந்த் ரோஸ் என்ற ஊருக்குள் புகுந்தது. வீடுகள் எரிந்தன. மக்களை முன்கூட்டியே வெளியேற்றியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அங்கிருந்த தேவாலயத்தின் வாசல் வரை வந்த குழம்பு இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போயிற்று. இன்றும் அந்தக் கறுப்புப் பாறைக்கு நடுவே தேவாலயம் நிற்கிறது. 1979 முதல் நிரந்தர ஆய்வுக்கூடம் ஒன்று மலையின் சிறு அதிர்வுகளையும் வீக்கத்தையும் கவனித்துவருகிறது. மலை வீங்குமா என்று ஒரு மாணவன் கேட்டான். ஆமாம், குழம்பு மேலேறும்போது தரை சில சென்டிமீட்டர் உப்பும். வெடிப்புக்கு முன் கிடைக்கும் அறிகுறிகளில் அதுவும் ஒன்று.

இனி வருவதை நானே இந்தப் பாடத்தைத் திரும்ப நடத்தப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். ரெயூனியனின் அடியில் எரியும் நெருப்பு ஒரு காலத்தில் இந்தியாவின் அடியில் இருந்தது என்பது பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்கும் விளக்கம். பாரன் தீவு எரிமலை ஒரு புவித்தட்டு இன்னொன்றின் கீழே நுழைவதால் உண்டானது. ரெயூனியன் அப்படியல்ல. பூமியின் ஆழத்திலிருந்து ஒரே இடத்தில் சூடு மேலெழுந்துகொண்டிருக்க, மேலே உள்ள தட்டு நகர்ந்துகொண்டே போகிறது. இதை வெப்பப் புள்ளி என்கிறார்கள். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த இந்தியா அந்தப் புள்ளிக்கு மேல் வந்தது. அப்போது பொங்கிப் படிந்த குழம்புதான் தக்காணத்தின் பசால்ட் பாறை. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கி.மீ. பரப்பில் கிடக்கிறது. அஜந்தாவும் எல்லோராவும் அதில் குடைந்தவை. மகாராட்டிரத்தில் பருத்தி விளையும் கறுப்பு மண் அது உதிர்ந்து வந்தது. இந்தியா மேலும் வடக்கே போகப் போக, அதே புள்ளி கடலடியில் ஒரு மலைத்தொடரை வரைந்தது. அதன் உச்சிகளில் பவளம் வளர்ந்து லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆயின. பிறகு மொரீசியஸ். இப்போது ரெயூனியன்.

இதை வகுப்பில் காட்டச் செலவே இல்லை. ஒரு மாணவன் ஸ்கெட்ச் பேனாவை அசைக்காமல் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். இன்னொருவன் அதன் அடியில் உறிஞ்சும் தாளை வைத்து, மெதுவாக மேல்நோக்கி இழுக்க வேண்டும். தொடக்கத்தில் சற்று நேரம் இழுக்காமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மை ஊறிப் பெரிய கறை விழும். அது தக்காணம். பிறகு விட்டுவிட்டு இழுத்தால் புள்ளி புள்ளியாக விழும். எந்தப் புள்ளி பழையது என்று கேளுங்கள். பேனாவிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். "அப்ப ரெயூனியனும் ஒரு நாள் நகர்ந்து போயிடுமா டீச்சர்?" என்று கேட்டாள் ஒருத்தி. போகும். எரிமலை அணையும், வேறிடத்தில் புதிய தீவு தலைதூக்கலாம். மொரீசியசும் சாகோசும் ஒரே தட்டில் இல்லை, நடுவே கடலடி பிளந்து விலகுகிறது என்ற சிக்கலை ஏழாம் வகுப்பில் இழுக்க வேண்டியதில்லை. ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் அதையே நல்ல கேள்வியாக மாற்றலாம்.

சரி, நம் ஊர் ஆட்கள் அங்கே எப்படிப் போனார்கள்? பூகோளப் பாடவேளை முடிந்து வரலாறு தொடங்கும் இடம் இது. தொடக்கப் பள்ளியில் ஒருவரே எல்லாப் பாடமும் எடுப்பதில் உள்ள வசதி எங்களுக்கு இல்லாததால், இரண்டு பாடவேளையைக் கடன் வாங்கினேன்.

அப்போது தீவின் பெயர் பூர்போன். பிரெஞ்சுக் கம்பெனிக்குப் புதுச்சேரியும் பூர்போனும் ஒரே கடல்வழியின் இரண்டு துறைகள். பூர்போனில் ஆளுநராக இருந்த பெனுவா துமா 1735-இல் புதுச்சேரிக்கு ஆளுநராக வந்தார். அங்கே காப்பி, பிறகு கரும்பு. வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள், இந்தியாவிலிருந்தும் சிலர். 1848 டிசம்பர் 20 அன்று அடிமைமுறை ஒழிந்தது. ஏறத்தாழ 60,000 பேர் விடுதலை பெற்றார்கள். கரும்புத் தோட்டத்துக்கு மலிவான கைகள் வேண்டும். ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு நம் பக்கத்திலிருந்து ஆள் ஏற்றினார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பல் போயிற்று. 1860-61-இல் பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் சட்டப்படி ஆள் எடுத்தார்கள். தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதம் பற்றிய புகார்களால் 1882-இல் பிரிட்டன் அதை நிறுத்தியது. மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போயிருக்கிறார்கள். ஒப்பந்தம் 5 ஆண்டு. திரும்பி வந்தவர்கள் உண்டு; பெரும்பாலோர் அங்கேயே தங்கினார்கள், அல்லது இறந்தார்கள். கப்பலிலிருந்து இறங்கியதும் தொற்றுநோய் அச்சத்தால் அடைத்து வைத்த கட்டடங்கள் 'கிராந்த் ஷலூப்' என்ற இடத்தில் இன்றும் இருக்கின்றன.

அவர்களுடைய வழிவந்தவர்களை அங்கே 'மலபார்' என்பார்கள். நமக்கு மலையாளக் கரை நினைவுக்கு வரும். அங்கே அந்தச் சொல் தமிழரைக் குறிக்கிறது. பலருக்கு இன்று தமிழ் பேச வராது. பேச்சு கிரெயோல், பள்ளியில் பிரெஞ்சு. ஆனால் காவடி உண்டு. பாஞ்சாலியம்மனுக்குத் தீமிதி உண்டு. அங்கே 'பாந்தியாலே' என்கிறார்கள். தெருக்கூத்தும் போயிருக்கிறது, நாடகம் என்ற சொல் வாய்வழியே தேய்ந்து 'நார்ல்கோன்' ஆகிவிட்டது. சாந்த் ஆந்த்ரே ஊரில் தீபாவளி பெரிய விழா.

இங்கே ஒரு விளையாட்டு வைத்தேன். ரெயூனியன் மக்கள் வாயில் வரும் சில சொற்களைக் கரும்பலகையில் எழுதி, இவை என்ன என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். கலுபிலே, பிபாங்காய், முருங்க், மசாலே, ருகாய். முருங்கையும் மசாலாவும் உடனே விழுந்தன. பிபாங்காய் பீர்க்கங்காய் என்று மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவரின் மகன் சொன்னான். கலுபிலே கறிவேப்பிலை என்பதற்குச் சற்று நேரமாயிற்று. ருகாயில்தான் எல்லோரும் சிக்கிக்கொண்டார்கள். "முன்னால ஒரு எழுத்து விழுந்துபோச்சு" என்று குறிப்புக் கொடுத்ததும் எழுந்து கத்தினார்கள்: ஊறுகாய்! தக்காளி, மிளகாய் இடித்த துவையலும் அங்கே ருகாய்தான். தொத்திறைச்சி போட்டுச் செய்யும் குழம்பும் ருகாய்தான். ஊறுகாய்க்கு நேர்ந்த கதியைக் கேட்டு ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான்.

பெயர்களும் அப்படியே. கப்பல் பட்டியலில் எழுத்தர் காதில் விழுந்ததைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதிக்கொண்டார். ஆளின் பெயர் குடும்பப் பெயராகி நிலைத்துவிட்டது. அதனால் இன்று ஒருவருக்கு முன்பெயர் பிரெஞ்சுக் கிறித்தவப் பெயராக இருக்கும். பின்னால் ராமசாமி, வேங்கடசாமி, அப்பாவு, வீரப்பிள்ளை என்று கொள்ளுத் தாத்தாவுக்குத் தாத்தாவின் பெயர் வரும். சொந்தப் பெயரைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதிப் பார்ப்பது புதுச்சேரிப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. பலர் வீட்டில் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் அப்படித்தான் இருக்கிறது. அதன் நகலைக் கொண்டுவரச் சொன்னேன். பதினொரு பேர் கொண்டுவந்தார்கள்.

வகுப்பில் எவரையும் விட ஆழமாகப் பதிந்தவன் எட்மோன் அல்பியுஸ் என்று நினைக்கிறேன். பூர்போனில் அடிமையாகப் பிறந்த சிறுவன். மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த வனிலாக் கொடி அந்தத் தீவில் பூத்தது, காய்க்கவில்லை. அங்கே அதற்கு மகரந்தம் சேர்க்கும் பூச்சி இல்லை. 1841-இல், தன் 12-ஆம் வயதில், எட்மோன் ஒரு மெல்லிய குச்சியால் பூவின் உள்ளே தடுப்பாக இருக்கும் இதழைத் தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் சூலகமுடியில் அழுத்திக் காட்டினான். இன்றும் உலகம் முழுவதும், நம் கேரள, கருநாடகத் தோட்டங்கள் உட்பட, வனிலாப் பூவைக் கையால் சேர்ப்பது அந்த முறையில்தான். விடுதலைக்குப் பின் அவனுக்கு அல்பியுஸ் என்று குடும்பப் பெயர் கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. 1880-இல் வறுமையில் இறந்தான். ஏழாம் வகுப்புப் பையன்களின் வயது 12 என்பதை நான் சொல்லவில்லை. அவர்களே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். அறிவியல் ஆசிரியர் அந்த வாரமே மகரந்தச் சேர்க்கையை எடுத்துவிட்டார்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. பெய்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அது எண் இல்லை. வீட்டுக்குள் வந்த தண்ணீர். ரெயூனியனில் ஃபோக்ஃபோக் என்ற மேட்டில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் பெய்தது 182.5 செ.மீ. உலகச் சாதனை. 2007-இல் கமேத் புயலின்போது மூன்று நாளில் சுமார் 393 செ.மீ. கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை 3,000 மீட்டர் மலை தடுத்து மேலே தள்ளுவதால் கிழக்குச் சரிவு கொட்டித் தீர்க்கிறது. மேற்குக் கரை வறண்டு கிடக்கிறது. மலைத்தடுப்பு மழைக்கு இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த மழைதான் பழைய மலையை அரித்து மாஃபாத், சிலாவோஸ், சலாசி என்ற மூன்று பெரும் பள்ளத்தாக்குகளைக் குடைந்திருக்கிறது. மாஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம். இன்றும் சில நூறு பேர் வசிக்கிறார்கள். தொடக்கப் பள்ளிகளும் இருக்கின்றன. தொலைதூர மலைப்பள்ளிக்கு நடந்து போகும் நம் ஆசிரியர்கள் அங்கே தங்களுக்கு உறவினர் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். இந்தச் சிகரங்களையும் பள்ளத்தாக்குகளையும் யுனெஸ்கோ 2010-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. தேர்வில் ஒரு மாணவன், "எரிமலை ஆபத்தில்லாதது, உட்கார்ந்து சாப்பிடலாம்" என்று எழுதியிருந்தான். அதற்கு முந்தைய ஆண்டு, எரிமலைக்குள் சமையல் சோடா இருப்பதாக எழுதியவர்களும் உண்டு. இரண்டுக்கும் நான்தான் பொறுப்பு. அதனால் ரசத்தோடு கூழையும் நடத்தியே ஆக வேண்டும். நம் பக்கத்துத் தமிழர்கள் அதே காலத்தில் கரும்பு வெட்டப் போன இன்னொரு பிரெஞ்சுத் தீவு, கரீபியக் கடலில் உள்ள மார்த்தினிக். அங்கே உள்ள பெலே மலை கூழ் வகை. 1902 மே 8 காலையில் அது வெடித்து, கொதிக்கும் வாயுவும் சாம்பலுமாகச் சரிவில் பாய்ந்து, சேன் பியேர் நகரத்தைச் சில நிமிடங்களில் அழித்தது. இறந்தவர்கள் சுமார் 28,000 பேர். சோடா மலையை நான் இன்னும் செய்கிறேன். ஆனால் நுரை அடங்கியதும், இதில் சூடு எங்கே, பாறை எங்கே, கல்லாக ஆறியது எது என்று கேட்டு, அது எரிமலையைப்போல் இல்லாத இடங்களைப் பட்டியல் போடச் சொல்கிறேன்.

கடைசியாக, பாட்டியின் உதவியோடு மாமாவின் மகளிடம் காணொளி அழைப்பில் பேசினோம். எங்களுக்கு மாலை நான்கு மணி, அவளுக்குப் பிற்பகல் இரண்டரை. அவளுக்குத் தமிழ் புரியும், பேசத் தயக்கம். மாமா இடையில் நின்று மொழிபெயர்த்தார். முன்பு கை தூக்காதிருந்த நம் சிறுமி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவர் கேள்வியாக எடுத்துக் கேட்டாள். எரிமலையைக் கண்டு பயமில்லையா என்றதற்கு, புயலுக்குத்தான் பயம் என்று பதில் வந்தது. "எங்களுக்கும்" என்றது வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போகிறாய், மதியம் என்ன சாப்பாடு, ருகாய் காரமாக இருக்குமா என்று கேட்டு முடித்த பிறகு, அவள் திருப்பிக் கேட்டாள்: "உங்க ஊர்ல என்ன மலை இருக்கு?"

யாரும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து முன்வரிசையிலிருந்து ஒருவன் மெதுவாக, "கோரிமேடு" என்றான்.